நோம்பிக்கு 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

பூச்சாட்டி, கம்பம் நட்டாச்சு என்றாலே பக்கத்து ஊர்ப் பசங்க வந்துவிடுவார்கள். "ஏனுங்கண்ணா, கோயிலுக்குப் பிக்சல் ஸ்ட்ரிப் 5 வோல்ட்ல வாங்கறதுங்களா, 12 வோல்ட்லயா?" எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு நாங்களே லைட் கட்டுவதால் வருகிற கேள்வி இது. பிக்சல் ஸ்ட்ரிப் என்றால் நிறம் மாறும் எல்இடிகள் வரிசையாகப் பதித்த நாடா.

5 வோல்ட் என்றால் பெரும்பாலும் டபிள்யூஎஸ்2812பி என்ற சிப் உள்ள ஸ்ட்ரிப். ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனியாக மாற்றலாம். ஓடும் எழுத்துக்கும் அம்மன் உருவத்துக்கும் இதுதான் அழகு. ஆனால் ஆம்பியர் எகிறும்: முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 60 மில்லிஆம்பியர் வரை, 300 எல்இடி உள்ள 5 மீட்டர் சுருளுக்கு 18 ஆம்பியர். ஒரு முனையில் மட்டும் சப்ளை கொடுத்தால் கடைசி மீட்டரில் வெள்ளை மஞ்சளாகி, சிவந்துவிடும். நீலமும் பச்சையும் சிவப்பைவிடக் கூடுதல் வோல்ட் கேட்பவை. முதலில் அவைதான் சோர்ந்துபோகும்.

25 வாட் லோடுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 10 மீட்டர் இழுத்துப் பாருங்கள். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். போக வர 20 மீட்டர் செம்பிலேயே ஏறத்தாழ 1.7 வோல்ட் தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் சொச்சம்தான், இழப்பு 1 வோல்ட்டைத் தொடாது. அதனால் கோபுரத்துக்கும் மதிலுக்கும் நான் 12 வோல்ட்தான் சொல்வேன். டபிள்யூஎஸ்2811 ஸ்ட்ரிப்பில் வழக்கமாக மூன்று எல்இடி சேர்ந்தே நிறம் மாறும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. டபிள்யூஎஸ்2815 எடுத்தால் தனித்தனியாகவும் மாறும், ஒரு பிக்சல் செத்தாலும் மாற்று டேட்டா லைனில் (நிறக் கட்டளை போகும் கூடுதல் ஒயரில்) அடுத்தது எரியும். விலை கூடத்தான்.

எந்த வோல்ட் ஆனாலும் மானம் போவது ஜாயின்டில்தான். கிளிப் கனெக்டர் வைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். ஒரு வருஷம் அப்படித்தான் வைத்தோம். மாவிளக்கு அன்றைக்கு ஒரு கோடைமழை. பாதி மதில் இருண்டது. கழற்றிப் பார்த்தால் கிளிப்பின் பல்லில் பச்சைக் களிம்பு. அன்றிலிருந்து சால்டர்தான். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் உருகும், பழகுகிறவர் கைக்கு அதுவே எளிது. ஈயமில்லாததற்கு 217க்கு மேல் வேண்டும், ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புப் பட்டை சூட்டில் உரிந்து வந்துவிடலாம். பட்டையில் பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, ஒயர் நுனியில் முன்பே ஈயம் ஏற்றி, இரண்டு விநாடி தொட்டு எடுங்கள். ஈயம் உருண்டு நிற்காமல் ஒயரைத் தழுவிப் படர்ந்தால் பிடித்துவிட்டது. மேலே ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கி இறுகும் குழாய். புகையை மூச்சில் இழுக்காதீர்கள், முடிந்ததும் கை கழுவுங்கள்.

பவர் சப்ளையின் திருகு முனைக்கு மட்டும் நேர்மாறு: ஈயம் ஏற்றிய நுனி அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் திருகு தளரும், அப்புறம் சூடேறும். அங்கே ஒயர் நுனியில் லக் என்ற உலோக முனையைப் போட்டு, இடுக்கியால் நசுக்கிக் கிரிம்ப் செய்வதே சரி.

சுருளுக்குச் சுருள் சேரும் இடத்தில் மட்டும் தண்ணீர் புகாத மூன்று பின் பிளக் வையுங்கள், டபிள்யூஎஸ்2815க்கு மட்டும் நான்கு பின். கம்பம் பிடுங்கிய மறுநாள் எதையும் வெட்டாமல் சுருட்டி, நம்பர் ஒட்டி, பரணில் ஏற்றிவிடலாம்.