அத்தையின் கேமராவும் ஆடி மாசத்துத் தேதியும்

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார், அம்மாவுக்கு ஒரு கேமரா வாங்க வேண்டும், அம்மாவுக்கு இந்த மாதிரி சாதனம் எதுவும் பழக்கமில்லை, விலையும் கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம் என்று. அன்றைக்குத்தான் என் அத்தையின் கேமராவை ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். உடனே பதில் சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்ன பதிலாக இருந்திருக்கும். ஒரு வாரம் ஆறப்போட்டும் கோபம் முழுசாகப் போகவில்லை, இருந்தாலும் ஏழு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்ததை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் கல்யாண மாலை கட்டுகிறாள். 2018-ல் நான்தான் கேமரா வாங்கிக் கொடுத்தேன். அப்போது ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இருபது மெகாபிக்சல், ஐந்து மடங்கு ஆப்டிகல் சூம் (லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவது), சட்டைப் பையில் அடங்கும் சைஸ். கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் தொல்லை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

போன் இருக்கும்போது கேமரா எதற்கு என்று வீட்டிலேயே எல்லோரும் கேட்டார்கள். அத்தையிடம் போனும் இருந்தது. ஆனால் பூ வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? விடிய விடிய தண்ணீர் தெளித்த பூவும் ஈர வாழை நாரும் பட்டு விரல் நுனி ஊறிப்போயிருக்கும், வேலை இல்லாத நாளில் அதே தோல் காய்ந்து தடித்துக் கிடக்கும். தொடுதிரை விரல் பட்டால் வரும் மின்சார மாற்றத்தைத்தான் கவனிக்கிறது. ஈரம் இருந்தால் தண்ணீர்த் துளியையும் விரல் என்று எடுத்துக்கொண்டு தானாக எதையாவது திறக்கும், தோல் காய்ந்து தடித்திருந்தால் தொட்டதே அதற்குத் தெரியாது. அத்தை போனில் ஒரு படம் எடுக்க முயன்றால் முதலில் வீடியோ ஓடும், அப்புறம் செல்ஃபி பக்கம் திரும்பும், அப்புறம் யாருக்காவது கால் போய்விடும். கடைசியில் யாராவது பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாள். தன் கையால் கட்டிய மாலையைப் படம் பிடிக்க இன்னொருவர் கைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கே பொறுக்கவில்லை.

கேமராவில் பட்டன் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அழுத்தினால் அழுந்துகிறது. அழுத்தியது விரலுக்கே தெரிகிறது. பாதி அழுத்தி ஃபோகஸ் ஆன பிறகு முழுசாக அழுத்த வேண்டும் என்பதை எப்படிப் புரியவைப்பது என்று பயந்துகொண்டேதான் போனேன். படித்த ஆட்களே ஒரே அமுக்காக அமுக்கிப் படத்தை மங்கலாக்குவதைப் பார்த்திருக்கிறேன். அத்தைக்கு ஒரே தடவைதான் சொன்னேன்: "கொஞ்சமா அழுத்துங்க, பீப் பீப்னு ரெண்டு தடவை கேக்கும், பச்சைக் கட்டம் வரும், அப்புறம் மிச்சத்தை அழுத்துங்க." அவள் பட்டன் மேல் விரலை வைத்து, நார் அறுந்துவிடாமல் முடிச்சை இறுக்கும்போது ஒரு நிதானம் வருமே, அதே நிதானத்தில் அழுத்தினாள். முதல் படமே துல்லியம். அன்றையிலிருந்து இன்று வரை அத்தை எடுத்த படத்தில் ஃபோகஸ் தவறியது அபூர்வம்.

படங்களைப் பற்றி நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் உண்டு. இந்த மாதிரி சின்னக் கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிக அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். ராத்திரி வெளிச்சத்தில் இது பெரிய குறைதான், படத்தில் புள்ளி புள்ளியாக அடிக்கும். ஆனால் சென்சார் சின்னதாக இருப்பதால்தான் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெளிவாக விழுகிறது. இப்போது வரும் விலை கூடிய போன்களில் கிட்டே போய் எடுத்தால் நடுவில் ஒரு பூ மட்டும் பளிச்சென்று இருக்கும், ஓரமெல்லாம் கரைந்து கிடக்கும். பார்க்க அழகு, மாலை கட்டுகிறவளுக்கு உபயோகம் இல்லை. கல்யாண வீட்டுக்காரருக்குப் பிச்சி எத்தனை வரி, இடையில் அரளி எங்கே வருகிறது, குஞ்சம் எப்படி முடிகிறது என்று முழு மாலையும் தெரிய வேண்டும். அத்தை வாசல் நிலையில் அடித்திருக்கும் கொக்கியில் மாலையைத் தொங்கவிட்டு, நாலடி பின்னால் வந்து, கொஞ்சம் சூம் செய்து எடுப்பாள். கிட்டே நின்று சூம் இல்லாமல் எடுத்தால் மாலையின் நடுப்பகுதி வயிறு தள்ளின மாதிரி உப்பித் தெரியும் என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள், நான் சொல்லவில்லை. ஃப்ளாஷ் அடித்தால் பிச்சிப்பூ சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும் என்பதையும் அவளேதான் கவனித்து "அந்த வெட்டத்தை நிறுத்தித் தா மக்களே" என்றாள்.

இருபது மெகாபிக்சலுக்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை. சாதாரண ஸ்டூடியோ சைஸ் பிரிண்டுக்கு இரண்டு மெகாபிக்சல் தாராளம், ஏ4 தாளில் நல்ல தரமாக எடுக்க ஒன்பது போதும். அதனால் மெகாபிக்சலைப் பார்த்துக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு நன்றாக இருக்கிறதே, கோபம் எங்கே வந்தது என்றால், தேதியில்.

கேமராவுக்குள் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் அந்தக் கடிகாரம் நிற்காமலிருக்க உள்ளே ஒரு குட்டி பேட்டரி வைத்திருப்பார்கள், பெரிய பேட்டரி உள்ளே இருக்கும்போது அது தானாக சார்ஜ் ஏறிக்கொள்ளும். சில மாடல்களில் இது சில நாள் தாங்கும், அத்தை கேமராவில் சுமார் மூன்று வாரம். அதற்கு மேல் பெரிய பேட்டரி வெளியே இருந்தால் கடிகாரம் செத்துப்போகும். அடுத்த தடவை ஆன் செய்ததும் படம் எடுக்கும் திரை வராது. 2015 ஜனவரி 1 என்று ஒரு திரை வரும், வருஷத்தின் மேல் ஒரு கட்டம் விட்டு விட்டு மின்னும். மேல்-கீழ் பட்டனால் எண்ணை மாற்றி, வலது பட்டனால் மாதத்துக்கு நகர்ந்து, நாளுக்கு நகர்ந்து, மணிக்கு நகர்ந்து, கடைசியில் ஓகே அழுத்த வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில்.

நீண்ட நாள் உபயோகிக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. நானும் அதை அப்படியே அத்தையிடம் சொல்லியிருந்தேன். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. அத்தை சொன்ன சொல் தவறாமல் அந்த இரண்டு மாசமும் பேட்டரியைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் வைத்துவிடுவாள். மூன்று வாரம் தாங்கும் கடிகாரத்துக்கு ஒரு முழு மாசம் பட்டினி. அப்போது தேதி கேட்கும் திரை எப்போது வரும்? ஆவணி முதல் முகூர்த்தத்தன்றும் தை முதல் முகூர்த்தத்தன்றும். வருஷத்தில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாத இரண்டு நாள், ஆவணி என்றால் ஓணத்துக்குப் பூ கேரளாவுக்குப் போகிற நெருக்கடியும் சேர்ந்துவிடும், சரியாக அந்த நாளில் இது குறுக்கே வந்து நிற்கும்.

முதல் வருஷம் நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டாள். "மக்களே, அது என்னமோ கேக்கு. நம்பரு மின்னிக்கிட்டே இருக்கு. நான் ஒண்ணும் தொடல்ல, அப்படியே உள்ள வச்சிட்டேன்." விடியற்காலை நாலு மணிக்கு வண்டி வந்து எடுத்துப்போன மாலை அது, மூன்று பேர் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கட்டியது. படம் இல்லை. தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று அவள் நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் எதையும் கெடுக்கவில்லை.

மெனு பட்டனை அழுத்தினால் அந்தத் திரையைத் தாண்டிப் போகலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். தாண்டலாம், ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் திரும்ப வந்து நிற்கும். தாண்டி எடுத்த படத்துக்கெல்லாம் 2015 என்று தேதி விழும். அவள் மகள் கார்டை ரீடரில் போட்டுப் போனுக்கு ஏற்றினால், போன் தேதி வாரியாக அடுக்குவதால், நேற்றைய மாலை எங்கேயோ அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இதற்கு மட்டும் ஒரு வழி உண்டு: கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண் கொடுக்கிறது, தேதி அழிந்தாலும் அந்த எண் விட்ட இடத்திலிருந்துதான் தொடரும். பெயர் வாரியாக அடுக்கச் சொன்னால் படங்கள் ஒழுங்காக வந்துவிடும்.

என் கேள்வி இதுதான். தேதி தெரியாவிட்டால் கேமரா படம் எடுக்காதா? லென்ஸ் இருக்கிறது, கார்டு இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது. முதலில் படத்தை எடுக்க விட்டுவிட்டு ஓரத்தில் ஒரு சின்னக் குறி போட்டு அப்புறம் கேட்டால் என்ன? இதை வடிவமைத்தவர்கள் எல்லோரும் தினமும் கேமராவைத் தொடுகிறவர்களை மட்டும்தான் நினைத்திருக்கிறார்கள். வருஷத்தில் பத்து மாசம் தொட்டு இரண்டு மாசம் பீரோவில் வைக்கிற ஒரு பெண்ணை யாருமே நினைக்கவில்லை.

சரி, ரிப்பேர் கதை. போன மாதம் ஆன் செய்ததும் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது, கிர்ரென்று ஒரு சத்தம், திரையில் லென்ஸ் எரர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல் லென்ஸ் யூனிட்டை மாற்ற வேண்டும், நாலாயிரம் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெரியவர் கண்ணில் உருப்பெருக்கி மாட்டிக்கொண்டு, லென்ஸ் குழலுக்கும் வளையத்துக்கும் நடுவே இடுக்கியை விட்டு ஒரு இழை வாழை நாரை இழுத்தார். அரை அங்குலம் இருக்கும், காய்ந்து பழுப்பாக. தாளில் வைத்துக் காட்டினார். எழுநூறு ரூபாய். வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ் உள்ள எல்லாக் கேமராவிலும் மணல், நூல், தூசு எதுவானாலும் இப்படித்தான் மாட்டும். இதில் கேமராவை நான் குறை சொல்லமாட்டேன், ஏழு வருஷம் நாருக்கு நடுவில் கிடந்து ஒரு தடவை நின்றது பெரிய தப்பில்லை. இப்போது ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நண்பர் கேள்விக்கு வருகிறேன். முதலில், கடைத்தெருவில் இப்போது சின்னக் கேமராவே குறைந்துபோய்விட்டது. ஜப்பானியக் கேமராச் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் எல்லா வகையும் சேர்த்து 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமரா தயாரிப்பாளர்களிடமிருந்து வெளியே போனது, 2023-ல் அது ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. போன் வந்து தின்றுவிட்டது. அதனால் மிச்சமிருப்பது பழைய கையிருப்பு, செகண்ட் ஹேண்ட், கொஞ்சம் புது மாடல். கோடாக் 2012-ல் கேமரா தயாரிப்பை நிறுத்திவிட்டது, இன்று பிக்ஸ்ப்ரோ என்று அந்தப் பெயரில் வருவது பெயரை உரிமம் வாங்கிய வேறொரு கம்பெனியின் தயாரிப்பு. அதில் எஃப்இசட்45 என்ற மாடல் கடையில் கிடைக்கும் ஏஏ செல்லிலேயே ஓடும், தனி சார்ஜர் பழகாத ஆளுக்கு அது ஒரு நிம்மதி. நிக்கானின் சில மாடல்களில் தமிழ் மெனு உண்டு. கடையில் மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், அத்தை கேமராவில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. இணையத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு 48 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் சூம் என்று வருவதைத் தொடவே வேண்டாம். அவற்றில் சூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான், பலதில் ஃபோகஸே நகராது. ஆப்டிகல் சூம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். நீங்கள் எடுத்துக் காட்டாதீர்கள், கடைக்காரரையும் காட்ட விடாதீர்கள். கேமராவை அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். ஆன் பட்டனையும் படம் எடுக்கும் பட்டனையும் அவர் குழப்பிக்கொள்கிறாரா, எடுத்த படத்தைப் பார்க்கத் தனிப் பட்டன் இருக்கிறதா, திரை எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று கவனியுங்கள். அத்தைக்கு வாங்கும்போது நான் இதில் எதையும் செய்யவில்லை, விலையும் சூமும் பார்த்துத்தான் வாங்கினேன்.

இவ்வளவு நல்ல படம் எடுத்துத் தந்த கேமராவைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: அத்தையிடம் இருக்கும் இந்த மாடலை உங்கள் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த மின்னும் கட்டத்தின் முன்னால் ஒரு வயதான பெண் பயந்து கையை எடுத்துக்கொள்வதை நான் பார்த்துவிட்டேன். அதற்கு அப்புறம் ஐந்தில் நாலு நட்சத்திரம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அத்தையிடம் கேட்டால் வேறு பதில்தான் வரும். ரிப்பேர் ஆகி வந்த அன்று, வேறு புதுசு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். கேமராவை வாங்கி முந்தானையால் துடைத்து, கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, "இது கெடக்கட்டும்டே, நல்லாத்தானே எடுக்கு" என்றாள். இப்போது பேட்டரியை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், ஆடியிலும் மார்கழியிலும் நடுவில் ஒரு தடவை எடுத்து சார்ஜ் போட்டுத் திரும்ப உள்ளே போட வேண்டும். சொன்னதைச் செய்வாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி நானும் தோவாளைக்குப் போய்விடுவேன்.