செம்பனைத் தோட்டத்து வெயிலில் ஓட்டக் கடிகாரத்தின் எண்கள்

கார்மின் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஃபோர்ரன்னர் 255 கடிகாரத்தைச் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப் பாதைகளில் அணிந்து ஓடிவருகிறேன். அது தரும் எண்களுள் எவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இம்மதிப்புரையின் பொருள்.

பலரையும் கவர்வதும் கவலைப்பட வைப்பதும் விஓ2 மேக்ஸ். ஒரு நிமிடத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலால் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜனின் உச்ச அளவே இந்த எண். ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளந்து இதைக் கண்டறிவார்கள். கடிகாரமோ ஓடும் வேகத்தையும் இதயத்துடிப்பையும் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. வெயிலில் உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் கூடுதலாக இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறுகிறது. கைப்பேசி வழியாக வானிலைத் தகவலைப் பெற்று, 22 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துக்குக் கடிகாரம் திருத்தம் செய்கிறது. ஆனால் நம் ஊரில் விடியற்காலையில்கூட வெப்பம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே எல்லா ஓட்டங்களும் அந்தத் திருத்தத்தையே நம்பியிருப்பதால், பெரட்டு நேரத்து (தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குமுன் கூடும் விடியற்காலை நேரத்து) இருட்டில் ஓடிய ஓட்டத்தை அதே நேரத்து ஓட்டங்களோடு மட்டுமே ஒப்பிடுகிறேன். மாலை ஐந்து மணிச் செம்மண் பாதை தரும் எண்ணை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. குளிர்நாட்டு ஓட்டக்காரரின் எண்ணோடு நம் எண்ணை வைத்துப் பார்ப்பது வீண் மனவேதனை.

இதயத்துடிப்பு மண்டலங்களை (ஓட்டத்தின் கடுமையைப் பிரித்துக் காட்டும் துடிப்பு வரம்புகளை) வகுக்க, உச்சத் துடிப்பை மதிப்பிட 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. 45 வயதுக்காரருக்கு அது 175 என்று வரும். உண்மையான உச்சம் அதைவிடப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருக்கலாம், அப்போது எல்லா மண்டலங்களும் பிசகிவிடும். அதோடு, மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி அளக்கும் எந்தக் கடிகாரமும் சில வேளைகளில் காலடி எண்ணிக்கையையே துடிப்பாக எடுத்துக்கொள்ளும். மெதுவான ஓட்டத்தில் துடிப்பு திடீரென 170-ஐத் தொட்டு அங்கேயே நின்றால், வாரை ஒரு துளை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே ஏற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும். விட்டு விட்டு வேகமெடுக்கும் பயிற்சிகளுக்கு இதயத்தின் மின்துடிப்பை நேரடியாக அளக்கும் மார்புப் பட்டையே பொருத்தம்.

செம்பனை மட்டைகள் கவிந்த பாதையில் செயற்கைக்கோள் சமிக்ஞை தடைபடக்கூடும் என்பதால், கடிகாரம் காட்டும் உடனடி வேகத்தைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன சராசரி வேகத்தைப் பார்ப்பது நல்லது.

நான் மிகவும் மதிப்பது ஓய்வுநிலைத் துடிப்பையும், உறக்கத்தில் அளக்கும் துடிப்பு இடைவெளி மாறுபாட்டையும்தான் (ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது). பின்னதற்கு உங்கள் இயல்பு வரம்பைக் கணிக்க ஏறத்தாழ மூன்று வாரம் இரவில் அணிந்திருக்க வேண்டும். அதன்பின் ஓய்வுநிலைத் துடிப்பு தொடர்ந்து சில நாள் உயர்ந்தும் மாறுபாடு வரம்புக்குக் கீழே இறங்கியும் இருந்தால், உறக்கக் குறைவோ வரப்போகும் காய்ச்சலோ காரணமாக இருக்கலாம். அன்று ஓட்டத்தைத் தயங்காமல் குறைத்துவிடுகிறேன்.

2023-இல் வந்த ஃபோர்ரன்னர் 265-இல் பளிச்சென்ற திரையும், உடல் பயிற்சிக்கு எவ்வளவு தயார் என்று காட்டும் பயிற்சித் தயார்நிலை மதிப்பெண்ணும் கூடுதலாக உண்டு. அவை தேவைப்படாதவர்கள் 255-ஐயே வாங்கி, மிச்சமாகும் பணத்தில் ஒரு மார்புப் பட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம்.