டெஸ்லா மாடல் 3, ஹூண்டாய் ஐயோனிக் 5: ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஓர் ஒப்பீடு

மாடல் 3 காரில் அமர்ந்ததும் முதலில் உறுத்துவது, இருப்பவை அல்ல, இல்லாதவைதான். ஸ்டீயரிங்கிற்குப் பின்னால் வேகமானி கிடையாது. வேகத்தை அறியவும், ஏசி காற்றைத் திருப்பவும், டேஷ்போர்டுப் பெட்டியைத் திறக்கவும்கூட நடுவிலுள்ள 15 அங்குலத் திரையையே நாட வேண்டும். 2023-இல் வந்த திருத்தப் பதிப்பிலோ இண்டிகேட்டர் தண்டும் நீக்கப்பட்டு, ஸ்டீயரிங்கின் இடப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு பொத்தான்கள் வைக்கப்பட்டன. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்புகையில் அவையும் இடம் மாறிவிடுவதால் விரல் தடுமாறும். சிக்கனம் இங்கே எல்லை மீறிவிட்டது என்பேன்.

ஐயோனிக் 5 காரில் 12.3 அங்குலத் திரைகள் இரண்டு. வேகம் நேர் எதிரே தெரிகிறது. ஸ்டீயரிங்கின் பின்னுள்ள கியர் தண்டை முன்னோக்கித் திருகினால் கார் முன்னே செல்லும், பின்னோக்கித் திருகினால் பின்னே வரும், நுனியை அழுத்தினால் பார்க்கிங். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரின் உள்தரை சமதளமாக இருப்பதால், முன்னிருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியை 140 மி.மீ. பின்னே தள்ளிவிட்டு மறுபக்கக் கதவு வழியாகவும் இறங்கலாம். சுவரை ஒட்டி வண்டி நிறுத்துவோருக்கு இதன் அருமை தெரியும். ஒலி அளவுக்கு உருளைக் குமிழ் கொடுத்தவர்கள், ஏசிக்குத் தொடுபலகையை வைத்ததுதான் புரியவில்லை.