பெட்டி மேலே ‘வாட்டர்ப்ரூஃப்’, உள்ளே ‘தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை’: ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வயலுக்கு, களத்துக்கு, மோட்டார் கொட்டகைக்கு என்று புளூடூத் ஸ்பீக்கர் தேடுகிற நம்ம பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி மேலே பெரிய எழுத்தில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டு, ஸ்பீக்கர் தண்ணீருக்குள் கிடப்பது போலப் படமும் போட்டு விற்கிறார்கள். அதே பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற வாரண்டி தாளில், தண்ணீராலோ ஈரத்தாலோ வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நான் வாங்கிய ஸ்பீக்கர் மழையில் நனைந்து பழுதானபோது, தண்ணீர் தாங்கும் என்று சொல்லிக் காசு வாங்கியவர்களே, தண்ணீர் பட்டுவிட்டது என்று காரணம் சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் போச்சு.

வாங்கியது அப்பாவுக்காக. எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். குறுவை அறுவடையும் மழையும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது டெல்டாவில் யாருக்கும் புதிதில்லை. நெல்லைக் கொண்டுபோய் நேரடி கொள்முதல் நிலையத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்து, முறை வரும்வரை அப்பா அங்கேயேதான் ராத்திரிக் காவல் இருப்பார். செய்தியும் பழைய பாட்டும் கேட்டால்தான் அவருக்குப் பொழுது போகும். அதைவிட முக்கியம் மழை அறிவிப்பு, ஏனென்றால் வானம் கறுத்தால் படுதாவை இழுத்து மூட ஆள் கூப்பிட வேண்டும், ஒரு மணி நேரம் தாமதித்தால் நெல் முளைத்துப்போகும் நிலைமைக்குப் போய்விடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு கரண்டும் இல்லாமல் டவரும் இல்லாமல் கிடந்தபோது, பேட்டரி ரேடியோ வைத்திருந்த வீட்டுத் திண்ணையில்தான் தெருவே உட்கார்ந்திருந்தது. அதனால் எங்கள் வீட்டில் இது வெறும் பாட்டுப் பெட்டி விஷயம் இல்லை.

பழைய ரேடியோ கரகரக்க ஆரம்பித்துவிட்டது, செல்போன் சத்தம் அப்பா காதுக்குப் போதவில்லை. பண்பலையும் புளூடூத்தும் இருக்கணும், மழையில் நனைந்தாலும் பதர் தூசி அப்பினாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்று இவ்வளவையும் விளக்கமாகச் சொல்லித்தான் கும்பகோணத்தில் ஒரு பெரிய கடையில் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் ஒரு மாடலை எடுத்து வைத்து, “அண்ணே, இத ஆத்துல தூக்கிப் போட்டாலும் பாடிக்கிட்டே கெடக்கும்” என்றார். மழையில நனைஞ்சு ரிப்பேர் ஆனா பாத்துக் குடுப்பீங்களா என்று நேராகவே கேட்டேன். “ஒரு வருஷம் வாரண்டி இருக்குண்ணே, கவலையே படாதீங்க” என்று பதில் வந்தது. பெட்டியில் இருந்த பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையைக் காட்டி, கவர்மென்டே சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்றும் சொன்னார். பெட்டியைப் பிரித்து வாரண்டி தாளைக் காட்டச் சொன்னதற்கு, சீல் உடைத்தால் விற்க முடியாது, பில் போட்ட பிறகுதான் பிரிக்கலாம் என்றார். அதாவது எந்தத் தாளில் நிபந்தனை எழுதியிருக்கிறதோ அந்தத் தாள் பணம் கட்டிய பிறகுதான் கண்ணில் படும்.

ஆற்றில் யாரும் தூக்கிப் போடவில்லை. ஒரு ராத்திரி மழை பெய்தது, நெல் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கு மேலே வைத்திருந்த ஸ்பீக்கர் நனைந்தது, அவ்வளவுதான். விடியும்போது குரல் அடைத்துப் போய்க் கரகரத்தது. நன்றாகத் துடைத்து, நாள் முழுக்கக் காற்றாட வைத்துவிட்டுச் சார்ஜ் போட்டோம். விளக்கு மினுக்கிவிட்டு அணைந்தது, அப்புறம் உயிர் வரவே இல்லை. சார்ஜ் துளையை மூடுகிற ரப்பர் மூடியைத் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் சரியாக உட்காரவே இல்லை, புதுப் பொருளிலேயே.

கடைக்குக் கொண்டுபோனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள் என்று திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த ஒரு சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார்கள். வெள்ளையாக இருக்கும், ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும். “சிவந்திருச்சு சார், வாட்டர் டேமேஜ், வாரண்டில வராது.” தண்ணி தாங்கும்னுதானே சார் குடுத்தாங்க என்றேன். “இது ஸ்பிளாஷ் ப்ரூஃப்தான் சார், வாட்டர்ப்ரூஃப் இல்ல.” அப்ப பெட்டி மேல போட்டிருக்கிறது? “அது மார்க்கெட்டிங் சார்.” வாரண்டி தாளை விரித்து அந்த வரியைக் காட்டினார்கள். பெட்டியின் அடிப்பக்கம், பார்கோடுக்குக் கீழே, ஐபிஎக்ஸ்4 என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.

இந்த எண்ணைத்தான் நாம் எல்லாரும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை எவன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், இந்த எண்ணுக்கு ஒரு சோதனை முறை இருக்கிறது. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் அது வருகிறது. ஐபி என்பதற்குப் பிறகு இரண்டு இலக்கம். முதல் இலக்கம் தூசிக்கு, 6 என்றால் தூசி உள்ளே போகவே போகாது. இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கணும், 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சி அடித்தாலும் தாங்கணும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கணும். இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் இருந்தால் அதைப் பற்றி எந்த மதிப்பீடும் கொடுக்கவில்லை என்று பொருள். எங்களுக்குக் கொடுத்ததில் தூசி இடத்தில் எக்ஸ். அறுவடை மெஷின் ஓடுகிற இடத்தில் எப்படிப் புழுதி பறக்கும் என்று தெரியும்தானே, அந்த இடத்துக்கு என்று கேட்டவனுக்குத் தூசிக்கே எண் இல்லாததைக் கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல பெயருள்ள கம்பெனிகளிலும் இந்த வித்தியாசம் உண்டு. ஜேபிஎல் ஃபிளிப் 5 ஐபிஎக்ஸ்7, அதற்கு அடுத்து வந்த ஃபிளிப் 6 ஐபி67. பெயரும் உருவமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பின்னதற்குத்தான் தூசிக்கும் மதிப்பீடு இருக்கிறது. பெயரைச் சொல்லி வாங்காமல் மாடலையும் எண்ணையும் சொல்லி வாங்குங்கள்.

இன்னொன்று, ஐபி67 என்று இருந்தாலும் அந்தச் சோதனை புதுப் பொருளை வைத்து, நல்ல தண்ணீரில் செய்வது. வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும், நம்ம வயலில் சேற்றுத் தண்ணீரும் உரத் தண்ணீரும் அந்தக் கணக்கில் இல்லை. வெயிலில் கிடந்து கிடந்து ரப்பர் இறுகிப்போனால் எண் மட்டும்தான் மிஞ்சும். சார்ஜ் மூடி திறந்திருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. சேற்றில் விழுந்தால் நல்ல தண்ணீரில் அலசி, துளை நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும். ஈரத்தோடு கரண்ட் போனால் துளைக்குள் இருக்கிற தகடு அரித்துவிடும்.

பண்பலை பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்ம பக்கம் நிறையப் பேர் காரைக்கால் வானொலிக்காகத்தான் கேட்பார்கள். மலிவான பல ஸ்பீக்கரில் ஏரியல் இருக்காது, சார்ஜ் ஒயரைச் செருகினால் அதுவே ஏரியலாக வேலை செய்யும். ஒயரைச் செருக மூடியைத் திறக்கணும், மூடியைத் திறந்தால் தண்ணீர்ப் பாதுகாப்பு போய்விட்டது. அதே பொருளை மழையில் ரேடியோ கேட்கலாம் என்று விற்கிறார்கள். நான் மேலே சொன்ன ஃபிளிப் மாதிரியான ஸ்பீக்கர்களில் பண்பலையே கிடையாது. போனில் நியூஸ் ஆன் ஏர் செயலியைப் போட்டு வானொலியைப் புளூடூத் வழியாகக் கேட்டுக்கொள்ளலாம், சிக்னல் இல்லாத இடத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி ரேடியோ இருப்பதுதான் நல்லது.

பிஐஎஸ் முத்திரை விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். புளூடூத் ஸ்பீக்கருக்கு அந்தப் பதிவு கட்டாயம், ஆர் என்று தொடங்கும் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யார் பெயரில் பதிவு என்று வரும். அந்த எண் இல்லாத பொருளைத் தொடவே கூடாது. ஆனால் அது மின் பாதுகாப்புக்கான பதிவு. தண்ணீர் தாங்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் பொருளின் எண்ணைச் சரிபார்த்தேன், பதிவு உண்மைதான். ஒரு உண்மையான முத்திரையைக் காட்டி, அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நம்பவைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், 37 வாட் மணி வரும். 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் மணிக்கு 5 வாட் மணிதான் ஏறும், காலியான பேட்டரி நிறைய ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகணும். ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிட்டால் உள்ளே 2,000 எம்ஏஎச்தான் இருக்கிறது. எங்களுடையது அப்படித்தான் நிறைந்தது. வாட் கணக்கும் இதே மாதிரிதான், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து பாடும்போது தாங்குகிற வாட், எவ்வளவு என்று கேளுங்கள், பிஎம்பிஓ என்று ஊதிப் பெருக்கிச் சொல்கிற உச்ச எண்ணை விட்டுவிடுங்கள். வாட் இரண்டு மடங்கானாலும் கூடுகிற சத்தம் 3 டெசிபல்தான், திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குறைவது 6 டெசிபல். கடைக்குள் நாலு சுவரும் கண்ணாடியும் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் அதிரும், வரப்பில் வைத்தால் பாதியாகத் தெரியும். முடிந்தால் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பத்தடி தள்ளி நின்று கேளுங்கள்.

சரி, புகார் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடையில் முதலில் சர்வீஸ் சென்டர் சொன்னதுதான் முடிவு என்றார்கள். அப்புறம், மேலே ஆயிரம் ரூபாய் கட்டினால் வேறு மாடல் தருவதாகச் சொன்னார்கள். அப்பா, “விடு தம்பி, பழைய ரேடியோவைப் பாத்துக்கலாம்” என்றார். எனக்கு விட மனசில்லை, இதே பெட்டி அதே அலமாரியில் அடுத்த ஆளுக்காக அடுக்கி இருந்ததைப் பார்த்துவிட்டுத்தானே வெளியே வந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்கிறது. நடந்துகொண்டிருக்கிற புகார் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. முறையான சோதனை இல்லாமல் ஒரு பொருளின் திறனுக்கு உத்தரவாதம் கொடுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. சோதனை செய்திருக்கிறோம் என்று விற்றவர் சொன்னால், அதை நிரூபிக்கிற பொறுப்பு அவருடையது. பில் கொடுக்காததும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் சேரும், பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். இதற்கெல்லாம் பில், பெட்டி, வாரண்டி தாள், சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் வேண்டும். எங்கள் அம்மா பெட்டியை அடுப்பெரிக்கப் போடாமல் பரணில் வைத்திருந்ததால்தான் அந்த ‘வாட்டர்ப்ரூஃப்’ படம் இன்றைக்கு என் கையில் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் உள்ளே போய்ப் பழுதானால் வாரண்டியில் சரிசெய்து தருவீர்களா? ஆமாம் என்றால் அதையும் ஐபி எண்ணையும் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் சொன்னது சர்வீஸ் சென்டரில் செல்லாது. இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது சட்டப்படி இருந்தாக வேண்டியது.

அப்பாவுக்கு வேறு ஒன்று வாங்கியாகிவிட்டது, மன்னார்குடியிலேயே, ஒரு சின்னக் கடையில். ஐபி67. கடைக்காரர் தன் போனில் கம்பெனி இணையதளத்தைத் திறந்து வாரண்டி பக்கத்தை வரிவரியாகக் காட்டினார். எழுதிக் கொடுங்கள் என்றதும் பில்லைத் திருப்பிப் போட்டு, மழையில் நனைந்து பழுதானால் மாற்றித் தரப்படும் என்று தன் கையால் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.