எங்கள் மனிதவளப் பிரிவில் செயற்கை நுண்ணறிவு: 18 மாத அனுபவம்

கொழும்பில் தலைமையகமும் நாடெங்கும் கிளைகளும் உள்ள பெரிய நிறுவனம் ஒன்றின் திருகோணமலைக் கிளையில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம், லீவு, சேமலாப நிதி பற்றி ஊழியர்கள் கைப்பேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைத் தலைமையகம் தந்து ஒன்றரை வருடமாகிறது. மூன்று மொழிகளிலும் கேட்கலாம். இன்று அதை யாராவது திருப்பி எடுக்க வந்தால் நான் சண்டை பிடிப்பேன். ஆனால் நான்காவது மாதத்தில் அதை நிறுத்தும்படி கடிதம் எழுதியவளும் நான்தான்.

மூதூரிலிருந்து வரும் களஞ்சிய ஊழியர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர், சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று தமிழில் கேட்டிருக்கிறார். "வருங்கால வைப்பு நிதிக்கு 12 வீதம்" என்று பதில் வந்திருக்கிறது. நம் நாட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் பிடிப்பது 8 வீதம். 12 வீதம் முதலாளி போடுவது. வருங்கால வைப்பு நிதி என்பது இந்தியாவில் வழங்கும் பெயர், ஊழியரிடம் 12 வீதம் பிடிப்பதும் அங்கேதான். அவர் சம்பளச் சீட்டோடு என்னிடம் வந்தார். "மிஸ், இந்த மாதம் குறைவாகப் பிடித்திருக்கிறீர்கள். மிச்சத்தைப் பிறகு மொத்தமாக வெட்டுவீர்களா?" அன்று அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் மறக்கவில்லை.

அதே கேள்வியை நான் ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தேன். சரியான பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். ஆங்கிலம் தெரிந்த அதிகாரிக்கு ஒரு உண்மை, தமிழ் மட்டும் தெரிந்த தொழிலாளிக்கு வேறொன்றா?

காரணத்தைத் தேடியபோது அது எங்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்தது. இந்த உதவியாளர் முதலில் நிறுவனத்தின் ஆவணங்களில் தேடி, கிடைத்த பகுதியை வைத்துப் பதில் எழுதுகிறது. ஆங்கிலக் கைநூலை அது வாசித்தது. தமிழ்க் கைநூலும் பழைய சுற்றுநிருபங்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் 'அம்மா' என்று நமக்குத் தெரிவது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். எழுத்துருவைக் கழற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாமல், பொதுவாகப் படித்த தமிழிலிருந்து அது பதில் சொல்லியிருக்கிறது. அந்தத் தமிழில் தமிழ்நாட்டின் பங்கு மிகப் பெரியது.

தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒரு தம்பியும் நானும் ஆறு கிழமை இருந்து எல்லாவற்றையும் யுனிகோடுக்கு, அதாவது கணினி தமிழைத் தமிழாகவே அறியும் முறைக்கு, மாற்றினோம். மாற்றும் மென்பொருள் பெரும்பகுதியைச் செய்துவிடும். ஆனால் தமிழ் வரிக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் எழுத்தாக்கிவிடுகிறது, அட்டவணைகள் சிதறிவிடுகின்றன. பின்னேரங்களில் அவர் திரையில் வாசிக்க, நான் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டேன். பிறகு ஒரு சொற்பட்டியலும் கொடுத்தோம்: மேலாளர் அல்ல, முகாமையாளர், சுற்றறிக்கை அல்ல, சுற்றுநிருபம். எந்தப் பந்தியிலிருந்து எடுத்தது என்று காட்ட முடியாவிட்டால் பதில் சொல்லாமல் எங்களிடம் அனுப்ப வேண்டும் என்ற விதியைத் தலைமையகத்தோடு வாதாடித்தான் பெற்றேன். பெரிய நிறுவனங்களில் இப்படியான உதவியாளரை வாங்குபவர்கள் செயல்விளக்கத்தின்போது ஆங்கிலக் கேள்விகளைக் கேட்டுவிட்டுத் திருப்தியடைகிறார்கள். தயவுசெய்து உங்களிடமுள்ள மிகப் பழைய தமிழ்க் கோவையைக் கொடுத்துப் பாருங்கள்.

லீவுக் கேள்விகளில் அது இப்போது நன்றாகவே தேறிவிட்டது. கடை, காரியாலயச் சட்டத்தின் கீழ், ஓகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள் அல்ல, 7 நாள்தான் வருடாந்த லீவு என்பதைப் புதிய எழுதுவினைஞர்களே தடுமாறிச் சொல்வார்கள். அது பந்தியைக் காட்டிச் சொல்கிறது. சிங்களத்தில் வரும் சுற்றுநிருபத்தின் தமிழ்ப் பிரதிக்கு முன்பெல்லாம் இரண்டு கிழமை காத்திருப்போம். இப்போது அன்றே வரைவு கிடைக்கிறது, நான் ஒரு மணி நேரம் இருந்து திருத்துகிறேன். அந்தத் திருத்தத்தை ஒருநாளும் விட்டதில்லை.

குறைகளும் உண்டு. குரலில் கேட்டால் மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை. எழுதத் தயங்குபவர்களுக்குத்தான் குரல் வசதி தேவை, அவர்களைத்தான் அது கைவிடுகிறது. அடையாள அட்டை இலக்கம், மருத்துவக் கடிதம் போன்றவற்றை அதில் பதிவேற்ற நான் யாரையும் விடுவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் விடமாட்டேன்.

போன மாதம் ஓய்வுபெற இருக்கும் தம்பலகாமத்து ஐயா ஒருவர் வந்தார். 22 வருட சேவை. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பந்தியை முதல்நாள் இரவு மகள் தமிழில் கேட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொப்பித்தாளில் கணக்குப் போட்டு மடித்துக் கொண்டுவந்திருந்தார். என் கணக்கோடு சதம் பிசகாமல் சரியாக இருந்தது. "காசு எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள், பிள்ளை" என்றார்.