ப்ளட்லைன்ஸ்ல எந்த க்ளான் எடுக்கலாம், பாயிண்ட் எங்க போடலாம்

வாம்பயர் தி மாஸ்க்கரேட் ப்ளட்லைன்ஸ்னு, நாமளே ரத்தக்காட்டேரியா ஆடுற கம்ப்யூட்டர் கேம், நான் வருசக்கணக்கா விளையாடுதேன், அதுல உள்ள ஏழு க்ளானும் (காட்டேரி குலம்) பாத்தாச்சு, அதுல தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லுதேன். க்ளான் எடுக்கும்போது பவர் லிஸ்ட்டை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, கேம் நடக்குற லாஸ் ஏஞ்சல்ஸ்குள்ள எப்படி நடமாடப் போறியன்னு யோசிச்சு எடுங்க, ஏன்னா க்ளான் மாறுனா ஊரே வேற மாதிரி ஆயிரும்.

2004 நவம்பர் 16, ஹாஃப் லைஃப் 2 கேம் வந்த அதே நாள்ல ட்ராய்கா கேம்ஸ் இதை விட்டாங்க, அடுத்த வருசமே கம்பெனிய மூடிட்டாங்க. ஏகப்பட்ட பக் (கோளாறு) ஓட வந்த கேம். அதையெல்லாம் சரிபண்ண ரசிகர்க போட்ட அன்அஃபிஷியல் பேட்ச் இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம் பாத்துக்கிடுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நோஸ்ஃபெராட்டு. மூஞ்சியே விகாரம், சாண்டா மோனிகா தெருவுல மனுசன் எவனாச்சும் பாத்துட்டா மாஸ்க்கரேட் மீறல்னு, அதாவது காட்டேரி ரகசியம் வெளிய தெரிஞ்சுட்டுன்னு விழும், அது அஞ்சு ஆயிட்டா கேம் ஓவர். அதனால மூடியத் தூக்கிட்டு சாக்கடைக்குள்ள எறங்கி, எந்தப் பாதை எந்தத் தெருவுல ஏறும்னு மனசுல வச்சுக்கிட்டு, மேல வந்ததும் சுவரு ஓரமாவே ஒட்டி ஒட்டிப் போகணும், ஆள் வந்தா அப்ஃபஸ்கேட்ங்கற பவரைப் போட்டு மறைஞ்சுக்கிடணும். மத்த க்ளான்ல ஜாலியா நடந்து போற அதே தெரு இதுல ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு படபடன்னு அடிக்கும். இப்படி ஒரு அனுபவம் எனக்கு வேற ஆர்பிஜில (கதாபாத்திரத்தை வளத்து ஆடுற கேம்) கிடைக்கல.

மால்கேவியன் பைத்தியம் பிடிச்ச க்ளான், அதுக்கு வசனமே தனி, ஸ்டாப் போர்டோட வாக்குவாதம் பண்ணும், டிவில நியூஸ் வாசிக்கிற ஆளு நம்மகிட்டயே பேசுவாரு. அது உளறுற உளறல்ல பின்னாடி வரப்போற கதை பூரா ஒளிஞ்சிருக்கு, கதை தெரிஞ்ச பிறகு கேட்டா புல்லரிக்கும், அதனால ரெண்டாவது ஆட்டத்துக்கு வச்சுக்கிடுங்க. முதல் ஆட்டத்துக்கு டோரியடோர் எடுங்க, பேச்சும் வரும், செலரிட்டிங்கற வேகப் பவர் இருக்கதால சண்டையும் வரும். வென்ட்ரூ எடுத்தா எலி ரத்தம் ஆகாது, தெருவுல படுத்துக் கிடக்கவன் ரத்தமும் ஆகாது, குடிச்சா வாந்திதான், ஆனா அடுத்தவன் மனசை அடக்குற டாமினேட் பவரைப் போட்டுப் பேசும்போது எதிராளி அப்படியே மடங்குறது தனி சுகம். கேங்ரல் எனக்கு ஒட்டவே இல்ல.

இப்ப பாயிண்ட் கதைக்கு வருவோம். இதுல எதிரியக் கொன்னா எக்ஸ்பீ (திறமை ஏத்துற பாயிண்ட்) கிடையாது, வேலைய முடிச்சாத்தான் உண்டு. அப்ப பதுங்கிப் போனாலும் பேசி முடிச்சாலும் நஷ்டம் ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, ஒவ்வொரு திறமையும் ரெண்டு விசயம் சேந்து வரது. பூட்டுத் திறக்க டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு) செக்யூரிட்டியும், பதுங்குறதுக்கு டெக்ஸ்டெரிட்டியும் ஸ்டெல்த்தும், ஹேக்கிங்னா விட்ஸும் (சமயோசிதம்) கம்ப்யூட்டரும். டெக்ஸ்டெரிட்டில ஒண்ணு ஏத்துனா ரெண்டு பக்கமும் ஏறும்லா, அது விலை கூடத்தான், ஆனாலும் லாபம். மேல போகப் போக விலை ஏறிக்கிட்டே போகும்ங்கதால எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு தூவாம நாலஞ்சு விசயத்தைப் பிடிச்சு வளருங்க.

அந்த நாலஞ்சுல ஒண்ணு கண்டிப்பா சண்டையா இருக்கணும். வண்ணார்பேட்டைல இருந்து வர என் மாமா பையன் எப்பவும் ப்ரூஹா தான், செலரிட்டியும் போட்டன்ஸ்ங்கற பலப் பவரும் போட்டு அடிச்சு நொறுக்குவான். "அத்தான், பேசிப் பேசி ஹாலிவுட் வரைக்கும் போயிரலாம், அந்தச் சாக்கடைக்குள்ள யார்ட்ட பேசுவிய?"ன்னு கேட்டான் ஒருநாள். நூத்துக்கு நூறு உண்மை. ஹாலிவுட் சாக்கடை நீளமோ நீளம், பேச்சுக்கு அங்க வேலையே இல்ல, கடைசி கட்டமும் முக்காவாசி அடிதடிதான். கேமோட பெரிய குறையே அதுதான், முதல் பாதில அவ்வளவு அழகா வழி விட்டுட்டு பின்னாடி ஒரே வழியில தள்ளிருவாங்க. துப்பாக்கி ஆரம்பத்துல சொதப்பும், அதனால முதல்லருந்தே கத்தி கம்பு வச்சு அடிக்கிற மெலில கொஞ்சம் கொஞ்சமா போட்டுட்டு வாங்க.

பேட்ச்ல பேசிக்னும் ப்ளஸ்னும் ரெண்டு இருக்கு, ப்ளஸ்ல வெட்டிப்போட்ட விசயங்களையும் சேத்து மாத்திருப்பாங்க, புதுசா விளையாடுதவங்களுக்கு பேசிக் போதும், ப்ளஸ் மால்கேவியன் ஆட்டத்துக்கு.