அபார்த் புன்டோ: கோயமுத்தூரில் ஓர் இத்தாலி வண்டியை வைத்துப் பராமரிப்பது

முதலில் இஞ்சினைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை வாங்க அதுதான் காரணம். 1368 சிசி டர்போ பெட்ரோல், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க். 2015-ல் இந்தியாவுக்கு வந்தபோது பத்து லட்ச ரூபாய்க்குள் இந்த அளவு சக்தியுள்ள ஹேட்ச்பேக் வேறு கிடையாது. 2000 ஆர்பிஎம் வரைக்கும் சாதுவாகத்தான் போகும். அதற்கு மேல் டர்போ வேலை செய்ய ஆரம்பித்ததும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷம் ஓட்டியும் அந்தச் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை.

இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஃபெராரி, லம்போர்கினிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். மாதச் சம்பளக்காரன் வாசலில் நிறுத்த முடிந்தது தேள் சின்னம் போட்ட இந்த வண்டிதான். வியன்னாவில் பிறந்த கார்லோ அபார்த் 1949-ல் இத்தாலியில் தொடங்கிய கம்பெனி. மேல்நாட்டு ஜோசியப்படி அவர் விருச்சிக ராசி, அதனால் தேள். 1971-ல் ஃபியட் அதை வாங்கியது. பழைய பத்மினி வைத்திருந்த எங்கள் அப்புச்சிக்கு ஃபியட் என்ற ஒரு பெயரே போதும். இதை வாங்கலாம் என்று வீட்டில் முதலில் ஓட்டுப் போட்டவர் அவர்தான்.

இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறிப் பார்க்க வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் திருப்பி, பாதி வளைவிலேயே ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கொடுத்தால், மூன்றாவதுக்கு மாற்றுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஸ்டியரிங் ஹைட்ராலிக். இப்போது வருகிற எலெக்ட்ரிக் ஸ்டியரிங்குகள் லேசாக இருக்கின்றன, ஆனால் ரோடு கைக்குத் தெரிவதில்லை. இதில் தெரியும். ஈரமான தார், உதிர்ந்து கிடக்கும் ஜல்லி, ஒட்டுப் போட்ட இடம் எல்லாமே. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்பதால் இறங்கும்போதும் பயமில்லை. வரையாடுகள் ரோட்டோரமாகவே நிற்கும், ஆகவே மெதுவாகத்தான் போக வேண்டும். முப்பது, நாற்பது வேகத்தில்கூட இந்த வண்டி சலிக்காது. முழு வேகத்தையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

சரி, இனி தொல்லைகள். தரைக்கும் வண்டிக்கும் இடையில் 155 மில்லிமீட்டர்தான். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனால் பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒவ்வொன்றையும் குறுக்காக ஏறி இறங்க வேண்டும். தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற குறுகல் மண்பாதையில், இறக்கவே முடியாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடைதான். சஸ்பென்ஷன் கெட்டி, பின்சீட்டில் கால் வைக்க இடம் குறைவு. கிளட்ச்சுக்குப் பக்கத்தில் இடது காலை ஓய்வாக வைக்க வழியில்லை, சேலம் போய் வந்தால் முழங்கால் சொல்லும். பெட்ரோல் விஷயம், ஊருக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். உண்மையான கஷ்டம் பார்ட்ஸ். 2019-ல் இங்கே புன்டோ தயாரிப்பு நின்றுபோனது. இஞ்சின் சாமான்களுக்கு ஃபியட்டின் இன்னொரு காரான லீனியா டி-ஜெட் கை கொடுக்கும். சஸ்பென்ஷனுக்குச் சாதாரண புன்டோவின் பார்ட்ஸ் சில பொருந்தும். மற்றதற்குக் காத்திருக்க வேண்டும். முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தபோது ஒரு சர்வீஸ் சென்டரில் முன்சக்கரங்களை வண்டியோடு பிடித்திருக்கும் இரண்டு லோயர் ஆர்மையும் மாற்றச் சொன்னார்கள், பார்ட் வர ஒன்றரை மாதம் ஆகுமாம். கணபதியில் எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஆர்ம் நல்லாத்தானுங்க இருக்குது, புஷ்தான் போயிருக்குது. வுட்டுட்டுப் போங்க" என்றார். புஷ் என்பது ஆர்மில் பொருத்தியிருக்கும் ரப்பர் வைத்த சின்னக் குழாய். வெர்னியரில் அளவெடுத்து, உள்ளே போகிற இரும்புக் குழாயை லேத்தில் கடைந்து, ரப்பர் ஏற்றி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். மறுநாள் சாயங்காலம் சத்தமே இல்லை. பம்புக்கும் மில் மெஷினுக்கும் கடைந்து பழகிய கைகள் இருக்கிற ஊரில் இந்த வண்டியை வைத்திருப்பது பெரிய பாக்கியம். அப்படிப்பட்ட கைகள் எங்கள் ஊரில் இல்லாவிட்டால் நான் இதை எப்போதோ விற்றிருப்பேன்.

ஆனால் இஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டில் பட்டறை வேலை கூடாது. பெல்ட் ஓடிய கிலோமீட்டரால் மட்டும் கெடுவதில்லை, வருஷம் ஆனாலும் கெடும். அறுந்தால் இஞ்சின் திறக்க வேண்டியதுதான். டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒரிஜினலாகவே மாற்றிவிடுங்கள்.

இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். பார்க்கப் போகிறவர்கள், இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். சைலென்சரில் நீலப் புகை வந்தால் டர்போவில் சந்தேகம். அடியில் குனிந்து பம்பர் ஓரம், ஆயில் சம்ப் இரண்டிலும் உரசிய தழும்பு இருக்கிறதா பாருங்கள். பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம், பேரம் முடிப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் நல்ல லேத் பட்டறை ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.